எல்கடுவ பெரட்டுக் களமும் என் மகளின் ஆட்டமும்

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த முஸ்லிம் கடையில் நாங்கள் உட்கார்ந்ததுமே, கேட்காமல் கொள்ளாமல் ஒரு பெரிய தட்டை எங்கள் முன்னால் வைத்துவிட்டார்கள். ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ், உளுந்து வடை எல்லாம் குவியலாக இருந்தன. ஒரு கல்யாண வீடே வந்து தின்னலாம். “நான் இதெல்லாம் கேக்கலையே” என்றேன். எனக்கு யாரும் தலையில் கட்டுவது பிடிக்காது.

கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “சாப்பிட்டத மட்டும் சொல்லுங்கம்மா. மத்தத நாங்க எடுத்துக்குவோம்.”

“எடுத்து?”

“அடுத்த மேசைக்கு வைப்போம்.”

மலேசியாவில் எங்கள் பந்திங்கில் இப்படிச் செய்தால் சுகாதார இலாகாவுக்குப் போன் போய்விடும். நான் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்து, யார் விரலும் படாமல் இருக்கட்டும் என்று அடியிலிருந்து ஒரு வடையை உருவினேன். எல்லாரும் அடியிலிருந்துதான் உருவுவார்கள் என்பது தின்று முடித்த பிறகே தோன்றியது. வடை நன்றாகத்தான் இருந்தது. இன்னொன்றும் எடுத்தேன்.

கல்லாவில் முக்காடு போட்ட ஓர் அம்மா வந்து நின்றதும் கடைக்காரர், “என்ன தாத்தா, ஊட்டுல எல்லாரும் சொகமா?” என்று விசாரித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே இலங்கையில் முஸ்லிம் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்களாம். மகள் காதுக்குள் சொன்னாள். நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மகள் பெயர் தேவகி. நாற்பது தாண்டிவிட்டாள். நவீன நடனம் ஆடுகிறாள், ஆடவும் வைக்கிறாள். நான் பந்திங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். மரமெல்லாம் போய் அங்கே வீடுகள் வந்துவிட்டன. அதே இடத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எழுத்து என்னை விட்டுப் போகவில்லை. “நீ சொல்லும்மா, நான் டைப் அடிக்கிறேன்” என்றாள் மகள். அவள் அடித்தால் அது அவள் பயணமாகிவிடும். அதனால் மெதுவாக நானே எழுதுகிறேன்.

அவள் ஆட்டத்தை நான் இதற்குமுன் ஒரே தடவைதான் பார்த்திருக்கிறேன், கோலாலம்பூரில். மேடையில் ஒரு பெண் பொத்தென்று விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. சனங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “அந்தப் பிள்ளைக்கு யாராச்சும் தண்ணி கொடுங்கப்பா!” என்று சத்தம் போட்டேன். அதுதான் ஆட்டமாம். அதற்குப் பிறகு மகள் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. பரதநாட்டியம் படிக்க வைத்து, கோயில் மண்டபத்தில் சலங்கை பூஜை செய்து பார்த்தவள் நான். ஆட்டம் என்றால் கால் பேச வேண்டும். படுத்துக் கிடப்பதற்கு எதற்கு மேடை?

இந்தத் தடவை அவளே கூப்பிட்டாள். எல்கடுவவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு மாதமாகத் தங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களை வைத்து ஓர் ஆட்டம் செய்திருக்கிறாளாம். “இதயாவது வந்து பாரும்மா. புடிக்கலன்னா இனிமே கேக்க மாட்டேன்” என்றாள். வீடியோ போனில்தான் சொன்னாள், ஆனாலும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் வந்தேன்.

எல்கடுவ பஸ் ஒரு வளைவில் நின்றுவிட்டது. எதிரே கொழுந்து லாரி. இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். எங்கள் பஸ் போனது. என் பக்கத்து சன்னலுக்குக் கீழே பாதை இல்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது. கண்டக்டர் பையன் கீழே குதித்துத் தகரத்தைத் தட்டித் தட்டி, “எண்ட, எண்ட” என்று கூப்பிட்டான். வா, வா என்று அர்த்தமாம். எங்கே வரச் சொல்கிறானோ என்று முருகனைக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டே ஏதோ சொன்னார். இரண்டு மாதத்தில் கற்ற அரைகுறைச் சிங்களத்தை வைத்துத் தேவகி மொழிபெயர்த்தாள்: “கீழே பார்க்காதீர்கள் அம்மா. இந்த டிரைவரும் பார்ப்பதில்லை.” பெரியவர் எனக்கும் ஒரு வெற்றிலை நீட்டினார். பயத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பாக்கைவிட இந்தப் பாக்கு காரமாக இருக்கிறது.

தங்கியது லெட்சுமியின் வீட்டில். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் கடைசி அறை. லெட்சுமிக்கு ஐம்பது தாண்டியிருக்கும், இன்னும் மலைக்குப் போகிறாள். மகள் சுமதியும் கொழுந்து பறிக்கிறவள்தான். தேவகியின் ஆட்டத்தில் ஆடுகிற ஆறு பேரில் அவளும் ஒருத்தி.

“வாங்க மலேசியா அம்மா!” என்று லெட்சுமி கட்டிலைக் காட்டினாள். “ஒங்க மகதான் எங்க புள்ளைகள கெடுத்து வச்சிருக்கு. ரெண்டு மாசமா மலைக்குப் போயி நிமிந்து நிமிந்து நிக்கிதுக. கேட்டா, மூச்சு இழுக்குறாங்களாம்.”

“மூச்சு இழுக்காம கொழுந்து எடுக்க முடியுமாம்மா?” என்றாள் சுமதி.

“நா இழுக்காமத்தான் ஒன்னய பெத்தேன்.”

தேங்காய் ரொட்டியும், மிளகாய் இடித்த கட்ட சம்பலும் வந்தது. எங்கள் ஊரிலும் சம்பல் உண்டு. அதை வதக்கி, கொஞ்சம் சீனி போட்டுச் சாந்தப்படுத்திவிடுவோம். இது பச்சையாக, கோபமாகவே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தாலும் நான் காட்டிக்கொள்ளவில்லை. லெட்சுமி பார்த்துவிட்டாள். சாயத்தண்ணியை நகர்த்தி வைத்தாள். பால் விடாத வெறும் தேநீர். தேயிலை விளைகிற இடத்தில் பால் ஊற்றாத டீ! எங்கள் ஊரில் பாலை ஊற்றி இழுத்து இழுத்து ஆற்றித் தருவார்கள். அதைச் சொன்னதும் சுமதி, “எங்களுக்கு இழுக்குறதுக்கு வேற நெறய இருக்குங்க” என்றாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சங்கு ஊதியது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். “பெரட்டுக்குப் போறேங்க” என்று லெட்சுமி, ஈரம் படாமல் இருக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றினாள்.

கடல் தாண்டி வந்திருக்கிறேன், இங்கேயும் அதே வார்த்தை. எங்கள் தோட்டத்திலும் பெரட்டுதான். இருட்டோடு தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். ஓடிப்போய் வரிசையில் நிற்போம். கிராணி பெயர் கூப்பிடுவார். நான் ஒரு நாளும் பிந்தியதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சமதரை. அதுதான் பெரட்டுக் களம். ஒரு கொட்டகை, அதற்கு மூன்று படி. கணக்கப்பிள்ளை கீழ்ப்படியில் நின்று பெயர் கூப்பிட்டார். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பெயர் வந்தவள் எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போவாள். பெயர் வராதவள் அசையக்கூடாது. மேல்படி தோட்ட மேனேஜருக்கு, அதாவது பெரிய தொரைக்கு. சிங்களவர், என் மகளைவிட வயது குறைந்த பிள்ளை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவளுக்கு முட்டி வலி உண்டு, ராத்திரி தைலம் போட்டதைப் பார்த்தேன். சாயங்காலம் கேட்டேன், “கூப்புடுற வரைக்கும் அந்தக் கட்டையில உக்காந்தா என்ன?”

“பெரட்டுல ஒக்கார்றதா?” என்று அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் சாமி சன்னதியில் செருப்போடு நின்றது போல ஆகிவிட்டது. “ஒங்க ஊருல ஒக்காருவாங்களா?”

இல்லை. எங்கள் ஊரிலும் உட்கார மாட்டோம். உட்கார்ந்தால் வேலைக்கு முடியாதவள் என்று ஆகிவிடும்.

“பேரு போட்டாத்தானேங்க அன்னிக்கி நாளு” என்றாள் லெட்சுமி. இங்கே ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்றுதான் சொல்கிறார்கள். அரை நாள் என்றால் அரைப்பேர். மனுசியின் பெயரும் கூலியும் ஒரே சொல்லாகிவிட்டது.

வேலை முடிந்து வந்த பெண்கள் பிள்ளைக் காம்பராவில் ஒத்திகைக்குக் கூடினார்கள். பகலில் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் அறை அது. தொட்டில்களை ஓரம் தள்ளினார்கள். நான் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆட்டம் என்னவென்றால், பெரட்டுதான். ஆறு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருத்தி பெயர் கூப்பிடுகிறாள். பெயர் வந்தவள் மலைக்குப் போகாமல் மெதுவாக, முதுகு நிமிர்ந்தபடி தரையில் உட்காருகிறாள். ஆறு பேரும் உட்கார்ந்த பிறகு பாட்டுப் போட்டு, வளைந்து நெளிந்து ஆடுகிற பகுதி நீளமாக இருக்கிறது. அந்த வளைவு நெளிவு கொஞ்சம் ஆட்டம் போலத்தான் இருந்தது. முதல் பகுதி எனக்கு விளங்கவில்லை. நிற்பதையும் உட்காருவதையும் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்?

பெயர் கூப்பிடுகிறவள் கொழும்பிலிருந்து வந்த நிமாலி. சிங்களப் பிள்ளை, நல்ல ஆட்டக்காரி. தமிழ் அவளுக்கு அந்த ஆறு பெயர்கள் மட்டும்தான். “பு-வ-னேஸ்-வரி” என்று அவள் பல்லால் கடித்துக் கடித்துச் சொல்லும்போது, புவனேஸ்வரி என்கிற பெண், “ஐயோ, நா அவ்வளவு நீளமா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு தகராறு, தப்பு அடிக்கிற கறுப்பையாவோடு. சங்கு வருவதற்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் பெரட்டுக்குத் தப்படித்தவர் அவர். ஆட்டம் அந்த அடியில்தான் தொடங்க வேண்டும் என்பது தேவகியின் ஆசை. கறுப்பையா கல்யாண அடி அடித்தார், சாமி அடி அடித்தார். பெரட்டு அடியை மட்டும் அடிக்க மாட்டேன் என்றார்.

“ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்கய்யா. அளவு தெரியணும்ல?”

“அதச் சும்மா அடிக்கப்படாது தங்கச்சி. லயத்துலருந்து ஆளு எறங்கிரும்.”

“இப்பதான் சங்கு வந்துருச்சே.”

“சங்கு காதுக்கு. இது காலுக்கு. அன்னிக்கி அடிக்கிறேன், போங்க.”

தேவகி பெருமூச்சு விட்டுவிட்டுக் கைத்தட்டலிலேயே ஒத்திகையை நடத்தினாள்.

அடுத்த நாள் ஆபீசுக்கு அனுமதி கேட்கப் போனோம். என்னையும் அழைத்துப் போனாள். வயதானவர் கூட இருந்தால் தொரை நாற்காலி கொடுப்பார், கொடுத்தால் உடனே எழுப்ப முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அப்படியே நடந்தது.

“ஞாயித்துக்கிழமை காலைல, களம் குடுக்கிறேன்” என்றார் தொரை. தமிழ் திருத்தமாகவே பேசினார், கொஞ்சம் இழுத்து. “ஆனா அரசியல் வேணாம். தேர்தல் வருது. கொடி, பேனர், பேச்சு இருந்தா நான் நிறுத்துவேன். ஆட்டம் மட்டும்.”

“ஆட்டம் மட்டும்தான் சார்” என்றாள் என் மகள்.

வெளியே வந்தால் ஒரு ஆட்டோவிலிருந்து தலைவர் இறங்குகிறார். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறவர், வெள்ளை வேட்டி. கும்பிட்டார். “நம்ம சனத்தோட கஷ்டத்த ஆட்டமா போடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். மேடை, மைக், செவப்புக் கதிரை எல்லாம் என் செலவு. பின்னால நம்ம பேனர் ஒன்னு. நடுவுல நா அஞ்சு நிமிசம் பேசுறேன்.”

“பேனர் வைக்க முடியாதுங்க. தொரை நிறுத்திடுவார்.”

அவர் முகம் சுருங்கியது. “அப்ப இது யாருக்காக ஆடுறது? பேனர் இல்லன்னா நானே தொரைகிட்ட போயி, இது தோட்டத்த எதுக்குற அரசியல்னு சொல்லுவேன். நிப்பாட்டிருவாரு.”

ஆட்டோ போய்விட்டது. தேவகி பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தால் அழாமல் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். அதே முகம். “வேற எடத்துல ஆடேன்” என்றேன். கோயில் முன்றல் இருக்கிறது, மைதானம் இருக்கிறது.

“வேற எடத்துல ஆடினா அது வெறும் ஆட்டம்மா. அந்தக் களத்துல, அந்தப் படிக்கு முன்னால உக்காரணும். அதுக்குத்தான் ரெண்டு மாசம்.”

“இதுல அரசியல் இருக்கா, இல்லையா? எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு.”

“யாரு நிக்கிறாங்க, யாரு உக்காந்திருக்காங்க... அவ்ளோதாம்மா.”

விவகாரத்தைத் தீர்த்தது லெட்சுமி. சாயங்காலம் தலைவரை வீட்டுக்கே வரவழைத்து, ரொட்டியை முன்னால் வைத்தாள். “பேனரு வேணாம். நீ முன்னால கதிரையில ஒக்காரு. ஆட்டம் முடிஞ்சதும் இந்தப் புள்ளைக ஒம்பேரக் கூப்புடும். கூப்புட்டா எந்திரிச்சு ரெண்டு வார்த்த பேசு. கூப்புட முன்ன வாயத் தொறக்கக்கூடாது. சரியா?” நாளைக்குச் சபையில் உட்காரப் போகிறவரை நீ என்கிறாளே என்று பார்த்தேன். அடுத்த லயத்தில் மூக்கு ஒழுகத் திரிந்த பிள்ளையாம். தலைவர் சம்பலைத் தொட்டுக்கொண்டு, சரி என்று தலையாட்டினார். அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது.

சனிக்கிழமை ஒத்திகை இல்லை. நிமாலி எங்களை மாத்தளைக்கு வடக்கே இருக்கும் நாலந்தாவுக்குக் கூட்டிப் போனாள். குளத்துக்கு நடுவே ஒரு பழைய கல் கோயில். கோயிலா, விகாரையா என்று காவல்காரரிடம் கேட்டேன். நிமாலி கேட்டு ஆங்கிலத்தில் சொல்ல, தேவகி எனக்குச் சொன்னாள்: “இரண்டும்தான் என்கிறார். தமிழர் வந்தால் கோயில் என்பாராம், சிங்களவர் வந்தால் விகாரை என்பாராம். வெள்ளைக்காரர் வந்தால் மணிக்கணக்காக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.” நான் எனக்குத் தெரிந்தபடி கும்பிட்டேன். நிமாலி அவளுக்குத் தெரிந்தபடி கும்பிட்டாள். பிறகு படியில் உட்கார்ந்து ஆறு பெயர்களையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஒன்று தப்பினாலும் என்னைப் பார்ப்பாள். மாங்காய்க்கு உப்பும் மிளகாயும் தூவி விற்றார்கள். எங்கள் ஊரில் புளிச்சீனியும் தூவுவார்கள். ஆனாலும் முழுவதையும் நான்தான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியல். களத்தைச் சுற்றி மேட்டில் சனம் உட்கார்ந்திருந்தது. சாக்கு விரித்துக் கிழவிகள், பிள்ளை இடுக்கிய தாய்மார், சுவரில் சாய்ந்த ஆம்பிளைகள். முன்னால் நாலு சிவப்பு நாற்காலி. ஒன்றில் தலைவர், வேட்டி மடிப்புக் கலையாமல். தொரை தன் மேல்படியிலேயே நின்றார். தூணுக்குப் பக்கத்தில் தேவகி. நான் லெட்சுமிக்குப் பக்கத்தில் சாக்கில் இருந்தேன். நாற்காலி தந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து கறுப்பையா வந்தார். தப்பைக் காய்ச்சிக் கொண்டு வந்திருந்தார். அடித்தார்.

கல்யாண அடி போல அது கும்மாளமாக இல்லை. ஒரே சீராக, வா, வா என்பது போல இருந்தது. ஆறு பெண்களும் கூடையோடு வந்து வரிசையாக நின்றார்கள்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. திரும்பினேன். லெட்சுமி எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாது. முகம் முன்னால் பார்த்தது, கால் நடந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த கிழவிகள் எழுந்தார்கள். வேலையை விட்டுப் பல வருசமாகி, கம்பூன்றி வந்தவள்கூட எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினாள். பெரியவர்கள் எழுந்ததும் சின்னவர்களும் எழுந்தார்கள். மேடு காலியாயிற்று. களம் நிறைந்தது. ஆறு பேருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நின்றுவிட்டார்கள்.

எனக்கு அந்தத் தப்பு தெரியாது. நான் தண்டவாளச் சத்தத்துக்கு எழுந்து பழகியவள். ஆனால் வரிசை நிற்கும்போது உட்கார்ந்திருக்க எனக்கு வராது. லெட்சுமிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

சனம் மொத்தமாக எழுந்ததைக் கண்ட தலைவர், தமக்குத்தான் மரியாதை என்று நினைத்துவிட்டார். வேகமாக எழுந்து, கைகூப்பி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை கும்பிட்டார். பிறகு பெயர் கூப்பிடட்டும் என்று கைகூப்பியபடியே நின்றார்.

நிமாலி ஆறு பெயர்களையும் கூப்பிட்டாள். ஒன்றும் தப்பவில்லை. ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். தப்பு நின்றது. இனி பாட்டு வர வேண்டும். வரவில்லை. இத்தனை பேர் நிற்கும்போது யார் பாட்டைப் போடுவது?

சனம் அசையவில்லை. பெயர் கூப்பிடாமல் பெரட்டிலிருந்து யார் போவார்கள்? நிமாலிக்கோ வேறு பெயர் தெரியாது. அவள் தேவகியைப் பார்த்தாள். தேவகி உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு தூணைப் பிடித்திருந்தாள். இரண்டு மாதமும் கண் முன்னால் கலைந்து போகிறது. தொரை ஒரு படி கீழே இறங்கினார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

“என்னா புள்ள, எம்பேரக் கூப்புட மாட்டியா?” என்றாள் லெட்சுமி நிமாலியைப் பார்த்து. கோபமில்லை. நியாயம் கேட்கிற குரல்.

முன்னால் உட்கார்ந்திருந்த சுமதி திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். மூச்சை இழுத்து, “லெட்சுமி!” என்றாள்.

பெற்ற தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். எங்கேயோ ஒரு கிழவி “அடி ஆத்தி!” என்றாள். லெட்சுமி முந்தானையை இழுத்துச் சொருகினாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, முட்டியை மடக்கி, அந்தப் படிக்கு நேர் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பக்கத்து வரிசையில் நின்ற கம்பூன்றிய கிழவியைப் பார்த்து, “ராமாயி!” என்றாள்.

ராமாயி உட்கார்ந்து இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவள் தன் மாமியாரைக் கூப்பிட்டாள். மாமியார் இன்னொரு மருமகளை. சிரிப்பும் பெயருமாக, ஆம்பிளைகள் வரைக்கும், களம் முழுக்க ஓடியது. மாரியாயி, சந்தனம், ஜெயராணி, முத்தம்மா. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உடம்பு இறங்கி மண்ணைத் தொட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் எல்லாரும் அந்த ஆறு பேரைப் போலவே மெதுவாக, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் நான் நின்றேன். லெட்சுமி என் சேலையை இழுத்தாள். “மலேசியா அம்மா, ஒங்க பேரு என்னாங்க?”

இத்தனை நாள் அவள் கட்டிலில் படுத்து, அவள் ரொட்டியைத் தின்றிருக்கிறேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கிராணி கடைசியாகக் கூப்பிட்ட பிறகு என் பெயரை யார் சத்தமாகச் சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் அம்மா என்கிறார்கள், கடையில் ஆன்ட்டி என்கிறார்கள்.

“பூவாயி” என்றேன்.

“பூவாயி!” என்று லெட்சுமி கத்தினாள். ஸ்டோர் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நான் உட்கார்ந்தேன். மண் குளிர்ந்திருந்தது.

கறுப்பையாவையும் நிமாலியையும் என் மகளையும் விட்டால், இப்போது நிற்பவர்கள் இரண்டே பேர். மேலே தொரை. கீழே தலைவர், கைகூப்பியபடி. சனம் அவரையே பார்த்தது. யாரோ ஒருத்தி, “அவரு பேரக் கூப்புடலயா?” என்றாள்.

“அவரு பேரு செக்ரோல்ல இல்லயே” என்றாள் லெட்சுமி. வேலைக்காரர் பெயர்ப்புத்தகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். களம் சிரித்தது.

தலைவர் கையை இறக்கினார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்கம்மா பேரு இருந்துச்சு” என்றார்.

லெட்சுமி குரல் இறங்கிவிட்டது. “ஆமா. இருந்துச்சு. அப்ப ஒக்காரு.”

அவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார். பேச்சை மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா, எனக்குத் தெரியாது.

தொரை படியிலேயே நின்றார். அத்தனை முகமும் கீழேயிருந்து அவரைப் பார்த்தது. பிறகு கறுப்பையா ஒரே ஓர் அடி அடித்தார். கலைந்து போங்கள் என்று அர்த்தமாம். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு போனார்கள். வளைவு நெளிவு எல்லாம் ஆடப்படவே இல்லை.

தொரை தேவகியிடம் வந்தார். “அரசியல் இல்லன்னு சொன்னீங்க.”

“கொடி இல்ல, பேனர் இல்ல, பேச்சு இல்ல சார். பேர்தான் கூப்பிட்டாங்க.”

அவர் களத்தைத் திரும்பிப் பார்த்தார். “என் பேரும் கூப்பிட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தேவகி இன்னும் யோசிக்கிறாள். அவர் பெயர் அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

“மிச்ச ஆட்டத்த ஆடலையே” என்றேன் மகளிடம்.

“இதுக்கு மேல என்னம்மா ஆடுறது?” கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். “எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு. ஆனா ஆட்டம்னு சொல்ல மாட்டேன்” என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவள் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு இல்லை.

திங்கட்கிழமை விடியலிலேயே வேன் வந்தது. லெட்சுமி ரொட்டியைக் கட்டிக் கொடுத்திருந்தாள், சம்பலையும். “போய்ட்டு வாங்க பூவாயி அக்கா” என்று சொல்லிவிட்டு, படங்கைச் சுற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். தேவகி வேனில் ஏறியதும் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது.

ஸ்டோரைச் சுற்றித்தான் பாதை. கொழுந்து லாரி ஒன்று குறுக்கே நிற்க, வேன் களத்தின் ஓரம் நின்றது. சங்கு ஊதி முடிந்திருந்தது. பனிக்குள் கூடைகள் தெரிந்தன. கணக்கப்பிள்ளை படியில் நின்று பெயர் கூப்பிட வாயெடுத்துவிட்டு, கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்படியில் தொரை. கை பின்னால் கட்டியிருந்தது.

பெண்கள் வரிசையாகத்தான் இருந்தார்கள். உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ராத்திரி தைலம் போட்ட முட்டியை நீட்டிக்கொண்டு லெட்சுமி.

கணக்கப்பிள்ளை தொரையைத் திரும்பிப் பார்த்தார். தொரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை, “லெட்சுமி” என்றார். அவள் அவசரப்படாமல் கையை ஊன்றி எழுந்து, கூடையை மாட்டிக்கொண்டு, எந்த மலை என்று கேட்டாள்.

நான் என் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“ஏய் தேவகி, எழும்பு. உன் ஆட்டம் நடக்குது, பாரு.”